தளங்கள் பல, உரையாடல் ஒன்று

(நிர்வாகப் பயிற்சி பெறும் அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் கூடியிருந்த அவையில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்த நான் அஞ்சலிலிருந்து தொடங்குவதற்கு நீங்கள் பொறுத்தருள வேண்டும். 1874ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதற்கு முன்னர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கடிதம் செல்ல வேண்டுமானால், அவ்விரு நாடுகளுக்கும் இடையே தனி ஒப்பந்தம் இருத்தல் வேண்டும். வழியிலுள்ள நாடுகளின் கட்டணங்களும் வெவ்வேறாக இருந்தன. பெர்ன் உடன்படிக்கை, கடிதப் போக்குவரத்தைப் பொறுத்த மட்டில் உறுப்பு நாடுகள் அனைத்தையும் ஒரே அஞ்சல் பரப்பாக ஆக்கியது. இந்தியா 1876இல் அதில் சேர்ந்தது. அஞ்சல் துறைகள் ஒன்றாகிவிடவில்லை. ஒவ்வொரு நாடும் தன் தபால்தலையையும் தன் ஊழியரையும் தானே வைத்துக்கொண்டது. பிறர் அனுப்பியதை ஏற்றுக் கொண்டு சேர்க்கும் கடமை பொதுவாயிற்று.

இன்று ஒரு நிறுவனத்தின் சமூக வலைத்தளத்தில் கணக்கு வைத்திருப்பவர், வேறொரு நிறுவனத்தின் தளத்தில் இருப்பவருக்கு ஒரு வரி எழுத இயலுவதில்லை. அவரும் அதே தளத்தில் சேர வேண்டும். அல்லது இவர் அங்கே சேர வேண்டும். டெலிபோனிலும் அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் நாம் ஏற்காத ஒரு நிலையைச் சமூக வலைத்தளங்களில் இயல்பென்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இது தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாத விளைவா, அன்றி நாம் செய்துகொண்ட ஏற்பாடா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

பாதிக்கப்படுவோர் யார்?

இது பொழுதுபோக்கைப் பற்றிய வினா என்று சிலர் கருதக்கூடும். 2023 ஏப்ரலில் நியூயார்க் நகரின் போக்குவரத்து ஆணையம், ரயில், பஸ் சேவைகள் குறித்த உடனடி அறிவிப்புகளை ட்விட்டரில் வெளியிடுவதை நிறுத்தியது. தானியங்கி முறையில் பதிவிடும் வசதிக்கு அந்நிறுவனம் புதிய கட்டுப்பாடுகளையும் கட்டணத்தையும் விதித்ததே காரணம். அமெரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கைப் பதிவுகளும் அதே காலத்தில் தடைக்குள்ளாயின. பொதுச் சேவைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்ட பின்னர் மே மாதம் நிலைமை சீரடைந்தது. ஆனால் ஜூலைத் தொடக்கத்தில், கணக்கு இல்லாதவர்கள் அத்தளத்தின் பதிவுகளைப் படிக்கவே இயலாதவாறு சில நாட்கள் வாயில் அடைக்கப்பட்டது. ஓர் அரசு அலுவலகம் தன் அறிவிப்புப் பலகையைப் பிறர் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்தால், வீட்டுக்காரர் கதவைச் சாத்தும்போது பலகையும் உள்ளே போய்விடும்.

நம் நாட்டிலும் கருதத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2020இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற 'கூ' என்னும் தளம் இந்திய மொழிகளில் எழுதுவோருக்கு முதலிடம் அளித்தது. அமைச்சர்களும் அரசுத் துறைகளும் அதில் கணக்குத் தொடங்கினர். 2024 ஜூலையில் அது மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. முதலீடு கிடைக்காமல் ஒரு நிறுவனம் மூடப்படுவது சந்தையில் நிகழக்கூடியதே. ஆனால் அத்துடன் அங்கு எழுதியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வளர்ந்த தொடர்புகளும் அற்றுப்போயின. ஒரு வங்கி மூடப்பட்டால் வைப்புத் தொகைக்குக் காப்பீடு உண்டு. மனிதத் தொடர்புகளுக்கு அத்தகைய காப்பீடு எதுவும் இல்லை.

சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். முதுகலைப் பொருளியல் வகுப்பில் என்னுடன் பயின்றோர் பலர் முன்னாளில் ஒரு வலைத்தளத்தில் குழுவாக இணைந்திருந்தோம். அத்தளம் மூடப்பட்டபோது, முன்னறிவிப்பு வந்தும், வேலைப் பளுவில் முகவரிகளைக் குறித்துவைக்கத் தவறினேன். நெருங்கிய வகுப்புத் தோழர் ஒருவர் மறைந்த செய்தி ஏறத்தாழ ஓராண்டு கழித்தே எனக்கு எட்டியது. பிழை என்னுடையதே. எனினும், முகவரிப் புத்தகம் நம் கையில் இல்லாமல் பிறர் கையில் இருப்பதன் பொருளை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

பொருளியல் கூறும் காரணம்

மாணவர்கள் இதன் காரணத்தை அறிந்திருப்பீர்கள். ஒரு டெலிபோனின் பயன், எத்தனை பேரிடம் டெலிபோன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதனை வலைப்பின்னல் விளைவு என்கிறோம். மைக்கேல் காட்ஸ், கார்ல் ஷாப்பிரோ ஆகிய இரு பொருளியலறிஞர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வுரையில் ஓர் உண்மையை விளக்கினர். பெரிய வலைப்பின்னல் உடைய நிறுவனம் பிறருடன் ஒத்தியங்குவதை எதிர்க்கும். சிறிய நிறுவனம் அதை வரவேற்கும். சமுதாயத்தின் மொத்த நலன் ஒத்தியங்குவதால் பெருகும் என்ற நிலையிலுங்கூடப் பெரிய நிறுவனம் எதிர்க்கவே செய்யும். ஏனெனில் அதன் வாடிக்கையாளர்கள் பலர் அந்த நிறுவனத்தின் சேவைக்காக மட்டும் அங்கே இருப்பதில்லை. பிறர் அங்கே இருப்பதால் இருக்கின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒன்றோடொன்று இணையாத இரு டெலிபோன் நிறுவனங்கள் இயங்கின. வணிகர்கள் மேசைமீது இரண்டு டெலிபோன்களை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1913இல் அரசின் நெருக்குதலால், பெரிய நிறுவனமான ஏ.டி.&டி., தன் தொலைதூரக் கம்பிகளில் பிற நிறுவனங்களும் இணைய இசைந்தது. நம் கைப்பேசியில் நான்கைந்து செயலிகளை வைத்துக்கொண்டு, யார் எதில் இருக்கிறார் என்று நாம் தேடுவது அந்த இரட்டை டெலிபோனின் மறுபிறவியே.

கூட்டமைப்பு இயங்கும் முறை

இதற்கு மாற்றாக வளர்ந்துள்ளவையே பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்கள். 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ என்னும் இளைஞர் வெளியிட்ட 'மாஸ்டடான்' இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. இதனை ஒரு நிறுவனத்தின் தளம் என்பதைவிட, யாரும் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய மென்பொருள் என்பதே பொருந்தும். பல்கலைக்கழகம், நகராட்சி, நண்பர் குழு என எவரும் தமக்கென ஒரு சர்வரை நடத்தலாம். ஒவ்வொன்றுக்கும் தனி விதிகளும் தனிப் பொறுப்பாளரும் உண்டு. உறுப்பினரின் முகவரியில் அவருடைய பெயரும் சர்வரின் பெயரும் மின்னஞ்சலில் உள்ளது போலவே இணைந்து நிற்கும்.

இந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி 'ஆக்டிவிட்டிபப்' என்னும் நெறிமுறையாகும். இணையத் தரங்களை வகுக்கும் உலக விரிவலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் இதனைப் பரிந்துரைத் தரமாக ஏற்றது. செயல்முறை எளியது. ஒவ்வொருவருக்கும் வரவுப் பெட்டி ஒன்று, செலவுப் பெட்டி ஒன்று. நான் எழுதும் பதிவு என் செலவுப் பெட்டியிலிருந்து, என்னைப் பின்தொடர்வோரின் சர்வர்களிலுள்ள வரவுப் பெட்டிகளுக்குச் செல்லும். படங்களுக்கான 'பிக்சல்ஃபெட்', காணொளிகளுக்கான 'பியர்ட்யூப்' போன்றவையும் இதே நெறிமுறையைப் பின்பற்றுவதால், மாஸ்டடானில் இருப்பவர் அங்கிருந்தபடியே பியர்ட்யூபில் வெளிவந்த காணொளிக்கு மறுமொழி எழுதலாம். மெட்டா நிறுவனத்தின் 'திரெட்ஸ்' தளமும் 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளில், விரும்பும் உறுப்பினர்களின் பதிவுகளை இவ்வழியே பகிரத் தொடங்கியது.

இரண்டாவது மரபு 'ப்ளூஸ்கை' தளத்துடன் தொடர்புடைய ஏ.டி. நெறிமுறை. இங்கு கடிதம் வீடுதோறும் கொண்டு சேர்க்கப்படுவதில்லை. ஒவ்வொருவரும் தம் பதிவேட்டைத் தமக்குரிய இடத்தில் வைக்கின்றனர். இடைநிலைச் சர்வர்கள் அனைத்தையும் திரட்டுகின்றன. செயலிகள் அத்திரட்டிலிருந்து வேண்டியவற்றை எடுத்துக் காட்டுகின்றன. உறுப்பினருக்கு மாறாத அடையாள எண் ஒன்று இருப்பதால், பதிவேட்டை வேறிடத்திற்கு மாற்றினாலும் தொடர்புகள் அறுவதில்லை. ஆனால் அனைத்தையும் திரட்டும் பணிக்குப் பெருஞ்செலவு ஆவதால், அங்கே ஒருசிலரே அதனை நடத்த இயலுகிறது.

இரு மொழிகளுக்கிடையே ஒரு பாலம்

பரவலாக்கியவர்களும் தமக்குள் இரு மொழி பேசுகின்றனர் என்பதே இன்றைய சிக்கல். மாஸ்டடானில் இருப்பவர் ப்ளூஸ்கையில் இருப்பவரை நேரடியாகப் பின்தொடர முடியாது. 'பிரிட்ஜி ஃபெட்' போன்ற பாலங்கள் மொழிபெயர்ப்பாளரைப் போல் இடையில் நின்று, ஒரு பக்கத்துப் பதிவை மறு பக்கத்து வடிவில் தருகின்றன.

மொழிபெயர்ப்பில் சில இழப்புகள் நேர்கின்றன. மாஸ்டடானில் வழக்கமான வரம்பு 500 எழுத்துகள், ப்ளூஸ்கையில் 300. ஆகவே நீண்ட பதிவு பாலத்தைக் கடக்கும்போது வால் அறுபடுகிறது. மாஸ்டடானில் பின்தொடர்வோர் மட்டும் காணுமாறு எழுதலாம். ப்ளூஸ்கையில் பதிவுகள் இயல்பாகவே பொதுவானவை. ஒரு பதிவை நான் அழித்தால், அழிக்குமாறு கோரும் செய்தி பிற சர்வர்களுக்கும் செல்லும். அதனைச் செயற்படுத்துவதோ அந்தச் சர்வரின் நாணயத்தைப் பொறுத்தது. அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற இயலாது என்ற பழைய உண்மை இங்கும் மாறவில்லை.

இதனைவிட ஆழமானது இசைவு பற்றிய வினா. 2024 பிப்ரவரியில் இப்பாலம் அறிவிக்கப்பட்டபோது, விலகுவதாகத் தெரிவித்தவர்களைத் தவிர ஏனையோரின் பொதுப் பதிவுகள் கடந்து செல்லும் என்றே முதலில் திட்டமிடப்பட்டது. மாஸ்டடான் உறுப்பினர் பலர் கடுமையாக எதிர்த்தனர். துன்புறுத்தலுக்கு அஞ்சிச் சிறிய சர்வர் ஒன்றில் ஒதுங்கியவர்கள் அவர்களுள் இருந்தனர். அதன்பின், விரும்பிக் கேட்போருக்கு மட்டுமே பாலம் திறக்கும் என விதி மாற்றப்பட்டது. நிர்வாகத்தில் இருப்போர் இதிலிருந்து ஒரு பாடம் கொள்ளலாம். இணைக்கும் ஆற்றல் இருப்பதாலேயே இணைத்துவிடும் உரிமை வந்துவிடாது. தெருவுக்கு வழி விடுவது ஒன்று. வீட்டுக் கதவைப் பிறர் திறப்பது வேறு.

வெளியேறும் உரிமை

ஒத்தியங்குதல் என்னும்போது இரு உரிமைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, இருந்த இடத்திலிருந்து பிறருடன் பேசும் உரிமை. மற்றொன்று, தொடர்புகளுடன் வெளியேறும் உரிமை. இரண்டாவதே முதலாவதற்கு உயிர் என்பது என் கருத்து. இந்தியாவில் கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடெங்கும் விரிந்தது. எந்த நிறுவனத்திலிருந்தும் எந்த நிறுவனத்துக்கும் பேச அதற்கு முன்பே இயன்றது. எனினும் எண்ணை இழக்க அஞ்சியவர் அதிருப்தியைச் சுமந்தபடியே இருந்தார். எண் தன்னுடையது என்றான பின்னரே வாடிக்கையாளரின் சொல்லுக்கு மதிப்பு வந்தது.

மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கை மாற்றும்போது பின்தொடர்வோரும் உடன் மாறுவர். பழைய பதிவுகள் மாறுவதில்லை. சட்டத்தின் நிலையையும் நோக்குவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள், தம் தரவைப் பெற்று வேறிடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமையை அளிக்கின்றன. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் மசோதாவில் அத்தகைய உரிமை இடம்பெற்றிருந்தது. 2023இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை.

குறைகளை மறைக்கலாகாது

பரவலாக்கம் எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் கூறினால் நீங்கள் நம்பக் கூடாது. மூன்று குறைகளைச் சுட்டுவேன்.

முதலாவது, வழிகள் திறந்திருப்பதால் மட்டும் அதிகாரக் குவிப்பு மறைந்துவிடாது. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் அனுப்பலாம். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தேறின. ஆயினும் 2024 இறுதியில் பரிமாற்றங்களுள் 80 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே செயலிகளின் வழியே நடந்தன. ஒரு செயலிக்கு 30 விழுக்காடு என 2020இல் அறிவிக்கப்பட்ட உச்ச வரம்பின் அமலாக்கம் பின்னர் 2026 இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டது. திறந்த நெறிமுறை போட்டிக்கு இடமளிக்கும். போட்டியைத் தானே உண்டாக்கிவிடாது.

இரண்டாவது, திறந்த கதவை அடைக்கவும் முடியும். கூகுள் நிறுவனத்தின் 'டாக்' என்னும் உரையாடல் சேவை 2006இல் திறந்த நெறிமுறை ஒன்றின் வழியே பிற சர்வர்களுடன் இணைந்தது. 2013இல் அதன் இடத்தைப் பெற்ற புதிய சேவையில் அவ்விணைப்பு கைவிடப்பட்டது. திரெட்ஸ் நுழைந்தபோது மாஸ்டடான் சர்வர் பல அதனை முன்கூட்டியே தடுத்ததற்கு இந்நினைவும் ஒரு காரணம்.

மூன்றாவது, காவல் பணியின் சுமை. அவதூறும் மோசடியும் சர்வர் எல்லைகளைக் கடந்து வரும். பெரிய நிறுவனத்திடம் சம்பளம் பெறும் ஊழியர் படை உண்டு. சிறிய சர்வரில் மாலை நேரத்தில் ஒரு தன்னார்வலர் புகார்களைப் படித்துக்கொண்டிருப்பார். நமது 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளரைக் கொண்ட தளங்களுக்குக் கூடுதல் கடமைகளை விதிக்கின்றன. எனினும் புகார் தீர்க்கும் அலுவலரை நியமித்தல் போன்ற அடிப்படைக் கடமைகள் சிறிய தளங்களுக்கும் உண்டு. இதில் ஒரு நன்மையும் உண்டு. தமிழிலோ சந்தாலியிலோ எழுதப்பட்ட ஒரு வசைச் சொல்லின் கனத்தை, தொலைதூர நிறுவனத்தின் இயந்திரத்தைவிட அம்மொழி பேசும் பொறுப்பாளர் நன்கு அறிவார்.

அரசுகள் செய்தவையும் நாம் செய்யத்தக்கவையும்

ஜெர்மனியில் மத்தியத் தரவுப் பாதுகாப்பு ஆணையர் 2020 முதல் அரசு அலுவலகங்களுக்கென ஒரு மாஸ்டடான் சர்வரை நடத்தி வருகிறார். நெதர்லாந்து அரசு 2023இல் அவ்வாறே தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் 2022 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கிய சர்வர், தொடர்ந்து ஏற்று நடத்த வேறு அமைப்பு முன்வராமையால் 2024 மே மாதம் மூடப்பட்டது. திட்டத்தைத் தொடங்குவது எளிது. பராமரிப்புக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி ஒதுக்குவதே கடினம் என்பது நம் அலுவலர் அனைவரும் அறிந்ததே. அவ்வொன்றியம் 2022இல் இயற்றிய எண்ணியல் சந்தைச் சட்டம், பெரிய செய்திப் பரிமாற்றச் சேவைகள் பிறருடன் ஒத்தியங்க வேண்டுமெனப் பணித்தது. சமூக வலைத்தளங்களுக்கு அதனை விரிப்பது பின்னர் ஆராயப்படும் என்று விட்டுவைத்தது.

இந்தியாவுக்கு நான் முன்வைப்பவை மூன்று சிறு யோசனைகள். இவை என் சொந்தக் கருத்துகள். அரசின் கொள்கையாகக் கொள்ள வேண்டா.

ஒன்று, அரசு அலுவலகம் எதனையும் முதலில் தன் சொந்த முகவரியில், திறந்த நெறிமுறையில் வெளியிடட்டும். தனியார் தளங்களுக்கு அதன் படிகள் செல்லட்டும். மக்கள் இருக்கும் இடத்துக்கு அரசு செல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூலம் நம்மிடம் இருக்க வேண்டும். அரசு முகவரியிலிருந்து வருவது அரசின் அறிவிப்பே என்பதால், போலிக் கணக்குகளை இனங்காண முகவரியே முத்திரையாகும். இதில் புதுமை அதிகமில்லை. பேரிடர் எச்சரிக்கைக்காக நாம் அமைத்துள்ள 'சசேத்' முறை, உலகப் பொதுவான எச்சரிக்கை நெறிமுறையையே தழுவியது.

இரண்டு, கைப்பேசி எண்ணுக்குத் தந்த உரிமையைத் தொடர்புப் பட்டியலுக்கும் தருவது பற்றி ஆராய வேண்டும். பெரிய தளங்களிலிருந்து தொடங்கலாம். சிறிய சர்வர்களின்மீது பாரத்தை ஏற்ற வேண்டுவதில்லை. நான் பின்தொடரும் ஒருவர் என்னுடன் புது இடத்துக்கு இணைக்கப்பட விரும்புகிறாரா என்னும் இசைவையும் அவ்விதி காக்க வேண்டும்.

மூன்று, பல்கலைக்கழகங்கள் தம் மாணவருக்கும் ஆசிரியருக்கும் சர்வர்களை நடத்திப் பார்க்கட்டும். ஒரு கல்லூரி நூலகத்தை நடத்துவதுபோல் இதனையும் நடத்தலாம். விதி வகுத்தல், புகார் கேட்டல், பிற சர்வருடன் உறவு கொள்வதா, துண்டிப்பதா எனத் தீர்மானித்தல் ஆகிய இவையெல்லாம் தன்னாட்சிக்கு நல்ல பயிற்சிகள். ஊராட்சி நிர்வாகத்தைப் பற்றிப் பாடநூலில் படிப்பவர்கள் அதன் இன்ப துன்பங்களை இங்கே கைப்பட அறியலாம்.

பெர்ன் உடன்படிக்கைக்கு மீண்டும் வருகிறேன். அனுப்பும் நாடே அஞ்சல் கட்டணத்தை வைத்துக்கொள்ளும் என்பது அதன் தொடக்க விதி. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் வரும், கணக்கு தானே சமனாகும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. நடைமுறையில் அது சமனாகவில்லை. அதிகமான அஞ்சலைப் பெற்ற நாடுகள் கொண்டு சேர்க்கும் செலவைச் சுமந்தன. அதற்கான இழப்பீட்டு முறை 1969இல்தான் ஏற்கப்பட்டது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு காலம் நாடுகள் இந்தக் குறையுடன் வாழ்ந்தன. ஆயினும் கடிதங்களை நிறுத்தவில்லை. சமூக வலைத்தளங்களின் இணைப்பிலும் யார் சுமை ஏற்பது, யார் செலவைத் தருவது என்ற வழக்குகள் எழுந்தே தீரும். அவற்றைத் தீர்த்துக்கொண்டே செல்லலாம். அதற்கு முதலில் முகவரி எழுதும் முறையில் நாம் உடன்பட்டாக வேண்டும்.

உங்களுள் சிலர் இன்னும் சில ஆண்டுகளில் மாவட்டப் பொறுப்பில் அமர்வீர்கள். வெள்ள நாளில் ஒரு அறிவிப்பை வெளியிடும் முன், இதைப் படிக்க ஒரு குடிமகன் எந்த நிறுவனத்தின் அனுமதியைப் பெற வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை உங்களுக்குள் எழுப்பிப் பாருங்கள். எந்த அனுமதியும் வேண்டியதில்லை என்று விடை வருமாறு செய்வது நம் கையில் உள்ளது.